சர்க்கரையே இல்லாத அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் எப்படிச் சுருங்கிச்சு?

தூத்துக்குடி மகள்:

எல்லாருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 58 வயசு. சின்ன வயசிலிருந்து உப்பளத்து வேலைதான். தை பிறந்து பாத்தியைச் சரி பண்ண ஆரம்பிச்சாங்கன்னா ஐப்பசி மழை விழுற வரைக்கும் அளத்துலதான் கிடப்பாங்க. குடி கிடையாது, பீடி கிடையாது. சர்க்கரை பலமுறை பார்த்தாச்சு, இல்லை.

போன வாரம் மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ரெண்டு கிட்னியும் செயல் இழந்துட்டு வருதுன்னு சொல்லிட்டாங்க. ரிப்போர்ட்ல உள்ளதை அப்படியே போடறேன். யூரியா 118, கிரியாட்டினின் 4.8, பொட்டாசியம் 5.6, ஹீமோகுளோபின் 7.9. சிறுநீர்ல புரதம் ஒரு பிளஸ். பிரஷர் 170/100. ஸ்கேன்ல வலது கிட்னி 7.6 சென்டிமீட்டர், இடது 7.9. ரெண்டும் சுருங்கியிருக்குன்னு எழுதியிருக்கு. "சீக்கிரம் டயாலிசிஸ் தேவைப்படும், தயாரா இருங்க"ன்னு டாக்டர் சொன்னார். பின்னாடி அவ்வளவு பெரிய வரிசை. அதுக்கு மேல நின்னு கேட்க முடியலை.

பொங்கலுக்குப் பிறகு அப்பாவுக்குச் சாப்பாடே இறங்கலை. மீன் குழம்பு வச்சா இரும்பு வாடை அடிக்குதுன்னு தட்டைத் தள்ளிடுறாங்க. காலையில பல் தேய்க்கும்போது குமட்டல். ராத்திரி முதுகும் காலும் அரிச்சு தூக்கமே கிடையாது. அம்மா தேங்காய் எண்ணெய் தேய்ச்சு விட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. சாயங்காலமானா கால் வீங்கி செருப்பு வார் பதியுது. ராத்திரி நாலஞ்சு தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறது ரொம்ப நாளாவே உண்டு. "நல்லாத்தானே போகுது, பிறகு கிட்னி எப்படிக் கெட்டுது"ன்னு அப்பா கேட்கிறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

ஒண்ணு மட்டும் உண்டு. இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவாங்க. உப்பு வார்ற நாள்ல ரெண்டு. அளத்துல பாதிப் பேர் அப்படித்தான்.

இப்ப சித்தப்பா இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடுக்கச் சொல்றார். பெரியம்மா, தென்காசிப் பக்கம் ஒரு வைத்தியர் பொடி தர்றார், டயாலிசிஸ்னு ஒரு தடவை போய்ட்டா விடவே மாட்டாங்கன்னு சொல்றாங்க. உப்புலயே கிடந்ததால உப்பு உடம்புல ஏறிடுச்சுன்னு அம்மா நம்புறாங்க. எதுதான் காரணம்? இது திரும்பச் சரியாகுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மூன்றாம் ஷிப்ட்:

அம்மா, நான் மதுரைப் பக்கம் பள்ளி ஆசிரியர். வாரம் மூன்று நாள், பள்ளி முடிந்து மாலை ஷிப்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். மறுநாள் காலை வகுப்புக்குப் போகிறேன். இதை முதலில் சொல்லக் காரணம், இப்போது உங்கள் வீட்டில் "எல்லாம் முடிந்தது" என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். முடியவில்லை.

உங்கள் பெரியம்மா சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். டயாலிசிஸ் ஒரு பழக்கம் அல்ல, விட முடியாமல் போவதற்கு. பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு போன்றவற்றில் சிறுநீரகம் திடீரென நின்றுபோகும். அப்போது சில வாரங்கள் டயாலிசிஸ் செய்தால் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீண்டு வரும், டயாலிசிஸும் நின்றுவிடும். உங்கள் அப்பாவுக்கு அப்படியல்ல. ஸ்கேனில் சுருங்கித் தெரிகிறது என்றால் இது ஆண்டுக்கணக்கில் நடந்த தேய்மானம். வளர்ந்த ஆளின் சிறுநீரகம் 9 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருக்கும். 7.6 என்பது உள்ளே தழும்பாகிச் சுருங்கிய நிலை. தழும்பு மறுபடி சதையாவதில்லை. சிறுநீரகம் திரும்பாததால்தான் டயாலிசிஸ் தொடர்கிறது. டயாலிசிஸ் செய்ததால் சிறுநீரகம் கெட்டது என்று தலைகீழாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. எனக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது கையில் எந்த ஏற்பாடும் இல்லை. மூச்சுத் திணறி நள்ளிரவில் கொண்டுபோனார்கள், கழுத்தில் குழாய் போட்டார்கள். அந்தக் குழாயில் கிருமி ஏறிக் குளிர்க்காய்ச்சல் வந்து படுத்த நாட்கள் இப்போதும் உடம்பில் நினைவிருக்கின்றன. உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதை வைத்தியர் பொடிக்குச் செலவழிக்காதீர்கள்.


இரவுப்பணி அக்கா:

தங்கச்சி, நான் தஞ்சாவூர்ப் பக்கம் டயாலிசிஸ் வார்டு செவிலியர். மாத்திரை எழுதுறது டாக்டர் வேலை, அதனால எந்த மாத்திரையும் இங்க சொல்ல மாட்டேன். ஆனா நீங்க போட்ட ரிப்போர்ட்ல இருக்கிற எண்களும், அப்பா படுற கஷ்டங்களும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. அதைப் புரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவை டாக்டர் முன்னாடி அஞ்சு நிமிஷம் கிடைச்சாலும் சரியான கேள்வியைக் கேட்டுடலாம்.

கிரியாட்டினின்ங்கிறது தசையிலிருந்து தினமும் வர்ற கழிவு. அந்த எண்ணை மட்டும் பார்த்தா ஏமாந்துபோவோம். வயசையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இஜிஎஃப்ஆர்னு ஒண்ணு எடுப்பாங்க. கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கிறதுக்கு அதுதான் கணக்கு. 90க்கு மேல இருந்தா நல்லது. 60க்குக் கீழ மூணு மாசத்துக்கு மேல நின்னா நாள்பட்ட கிட்னி நோய். 15க்குக் கீழ போனா அஞ்சாவது நிலை, அதுதான் கடைசி. உங்க அப்பா வயசுக்கு 4.8ன்னா ஏறக்குறைய 13 வரும். பயமா இருக்கும். ஆனா எண் 13 வந்துடுச்சுங்கிறதுக்காக மட்டும் நாளைக்கே மெஷின்ல படுக்க வைக்கிறதில்லை. வாந்தி, மூச்சுத்திணறல், பொட்டாசியம், உடம்புல சேர்ற அமிலம் இதெல்லாம் மாத்திரைக்கு அடங்குதான்னு பார்த்துத்தான் முடிவெடுப்பாங்க. சிலர் இந்த நிலையிலேயே சில மாசம், அதுக்கு மேலயும் ஓட்டுறாங்க. உங்க அப்பாவுக்குக் குமட்டலும் மூச்சு வாங்குறதும் இருக்கிறதால காலம் தாழ்த்தாம சிறுநீரக மருத்துவரைப் பார்த்துடுங்க. இந்த வாரமே.

"நல்லாத்தானே போகுது"ன்னு அப்பா கேட்டாங்களே, வார்டுல தினமும் கேட்கிற கேள்வி அது. நல்ல கிட்னி ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதுல ஒண்ணரை லிட்டர் போலத்தான் வெளிய விடும். மீதியை எல்லாம் திரும்ப ரத்தத்துக்குள்ள இழுத்துக்கும். கிட்னி தேயும்போது இந்த இழுத்துக்கிற சக்திதான் முதல்ல குறையும். ராத்திரி தூங்கும்போது சிறுநீரைக் கெட்டியாக்கி வைக்க முடியாது. அதனாலதான் நாலஞ்சு தடவை எந்திரிச்சாங்க. தண்ணி போகுது, கழிவு போகலை. வயசானா அப்படித்தான்னு எல்லா வீட்லயும் விட்டுடுறாங்க. எனக்கு ரொம்ப மனசு வலிக்கிற இடம் இது. ஏன்னா அந்தச் சமயத்துல வந்திருந்தா பிரஷரை அடக்கியே பல வருஷம் தள்ளிப்போட்டிருக்கலாம்.

இரும்பு வாடை, குமட்டல், பசியில்லாமை இதெல்லாம் யூரியாவும் அதோட சேர்ந்த மத்த கழிவும் பண்றது. எச்சில்ல யூரியா கலந்து அம்மோனியாவா மாறும், வாயே ஒரு மாதிரி நாறும். சமையல்ல குத்தம் இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. இதே கழிவு இன்னும் ஏறினா விக்கல் நிக்காது, ஆள் பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சிருப்பாங்க, பேச்சு குழறும், இதயத்தைச் சுத்தி இருக்கிற உறை அழற்சியாகி நெஞ்சு வலிக்கும். அப்படி ஏதாவது தெரிஞ்சா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

ஹீமோகுளோபின் 7.9. கீரையும் பேரீச்சம்பழமும் குடுத்தா ஏறிடும்னு யாராவது சொல்வாங்க. எலும்பு மஜ்ஜைக்கு "ரத்தம் செய்"னு உத்தரவு போடுற எரித்ரோபாய்ட்டின்ங்கிற ஹார்மோனே கிட்னியிலதான் சுரக்குது. கிட்னி சுருங்கினா அந்த உத்தரவு குறைஞ்சுபோகும். அதை ஊசியா தோலுக்கடியில போடுறாங்க. அதுக்கு முன்னாடி இரும்புச்சத்து போதுமான்னு பார்க்கணும், இல்லாட்டி ஊசி வேலை செய்யாது. இங்க ஒண்ணு கவனமா கேளுங்க. உயிருக்கு அவசரம்னாலொழிய ரத்தம் ஏத்தச் சொல்லி நீங்களா கேட்காதீங்க. அடுத்தவங்க ரத்தம் ஏற ஏற உடம்புல எதிர்ப்புப் பொருள் உண்டாகி, பின்னாடி மாற்றுக் கிட்னி பொருந்துறது கஷ்டமாகும். 58 வயசெல்லாம் மாற்று அறுவைக்கு அப்பாற்பட்ட வயசு இல்லை.

அரிப்புக்கு எண்ணெய் தடவுறது நல்லதுதான், தோல் காய்ஞ்சுபோயிருக்கும். ஆனா பாஸ்பரஸ், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் இந்த மூணையும் பார்க்கச் சொல்லுங்க. பாஸ்பரஸ் வெளிய போகாம ரத்தத்துல தங்கும். வைட்டமின் டி-யை உடம்புக்கு உதவுற மாதிரி மாத்துறதும் கிட்னிதான், அதுவும் நின்னுபோகும். அதனால கால்சியம் இறங்கும். அதை ஈடுகட்டக் கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்பை அரிச்சு கால்சியத்தை எடுத்து ரத்தத்துல விடும். எலும்பு வலி, ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படியிறது எல்லாம் இதோட தொடர்ச்சி. கிட்னி நோயாளிகள் நிறையப் பேரை இழக்கிறது மாரடைப்புலயும் இதயச் செயலிழப்புலயும்தான்.

வீக்கமும் மூச்சு வாங்குறதும் உப்பும் தண்ணியும் வெளியேறாம தேங்குறது. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதா, ரெண்டு தலையணை வச்சுத்தான் தூங்குறாங்களான்னு கவனிங்க. "கிட்னிக்கு நிறையத் தண்ணி குடிக்கணும்"கிறது கல்லு இருக்கிறவங்களுக்குச் சொல்றது. வீங்கின உடம்புக்கு அது விஷமாயிடும். எவ்வளவு தண்ணின்னு டாக்டர்கிட்ட அளவு கேட்டு வாங்குங்க.

இப்ப இளநீர். தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க. இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பழச்சாறு எல்லாத்துலயும் பொட்டாசியம் நிறைய. நல்ல கிட்னி உள்ளவங்க குடிச்சா வெளிய போயிடும். அப்பாவுக்கு ஏற்கெனவே 5.6. அது ஆறரைக்கு மேல போனா இதயத் துடிப்பு தாறுமாறாகி அப்படியே நின்னுடலாம். காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற மாதிரி அன்போட இளநீர் குடுத்து, கை கால் சோர்ந்து தூக்கிக்கிட்டு வந்தவங்களை வார்டுல பார்த்திருக்கேன். காயை நறுக்கி நிறையத் தண்ணியில வேகவச்சு வடிச்சுட்டுத் தாளிங்க. கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். இந்துப்புக்கு மாறினா சரியாயிடும்னு சொல்வாங்க, அதுவும் உப்புதான். சோடியம் குறைச்சதுன்னு கடையில விக்கிற உப்புல பொட்டாசியம் கலந்திருக்கும், அது இன்னும் மோசம். நட்சத்திரப் பழம்னு ஒண்ணு இருக்கே, அதைக் கண்ணுலயே காட்டாதீங்க. கிட்னி போனவங்களுக்கு அது மூளையைத் தாக்கி வலிப்பு வரவைக்கும்.

பொடி விஷயம். எல்லா நாட்டு மருந்தும் கெட்டதுன்னு சொல்ல நான் வரலை. உள்ளே என்ன இருக்குன்னு எழுதாத பொடியை, 13 சதவீதம் மிச்சமிருக்கிற கிட்னிக்குக் குடுக்கக் கூடாது. பாதரசம், ஈயம் கலந்திருந்தா இருக்கிறதும் போயிடும். நம்ம ஊர் வேலியில படர்ற ஆடுதின்னாப்பாளையிலயே கிட்னியைச் சுருக்குற அமிலம் இருக்கு. அதே குடும்பத்துச் செடி ஒண்ணு 1990களோட தொடக்கத்துல பெல்ஜியத்துல உடல் இளைக்கிற மருந்துல கலந்துபோய், சாப்பிட்ட பெண்கள் பலர் கிட்னியை இழந்தாங்க.

கடைசியா காரணம். நம்ம மாநிலத்துல கிட்னி போறவங்கள்ல பெரிய கூட்டம் சர்க்கரைக்காரங்க, பிரஷர் உள்ளவங்களும் நிறைய. (சர்க்கரை உள்ளவங்க இதைப் படிச்சா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. மாத்திரை, ஊசி அளவு திடீர்னு குறைஞ்சு "சர்க்கரை தானா சரியாயிடுச்சு"ன்னு தோணினா சந்தோஷப்படாம கிரியாட்டினின் பாருங்க. இன்சுலினை உடைச்சு வெளியேத்துறதுல கிட்னிக்குப் பெரிய பங்கு. அது தேய்ஞ்சா இன்சுலின் உடம்புல தங்கி சர்க்கரை இறங்கும்.) அப்பாவுக்குப் பிரஷர் 170 இருக்கு. ஆனா பிரஷரால கிட்னி போச்சா, கிட்னி போனதால பிரஷர் வந்துச்சான்னு இப்ப பிரிச்சுச் சொல்றது கஷ்டம். ஒண்ணு மத்ததை வளர்க்கும். சுருங்கின கிட்னியில சதை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் தழும்புதான் தெரியும், அதனால எடுக்க மாட்டாங்க.

அம்மாகிட்ட சொல்லுங்க, பாத்தி உப்பு கால் வழியா ஏறலை. வெயில்தான் சந்தேகத்துக்குரியது. கடுமையா வேர்த்துத் தண்ணி வத்தினா உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கிட்டு கிட்னிக்குக் குறைச்சுடும். அப்பவும் கிட்னி தன் பக்கத்து மடையைக் கொஞ்சம் திறந்து வச்சு சமாளிக்கும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை அந்த மடையையும் மூடிடும். வெயிலும் மாத்திரையும் ஒரே நாள்ல, வருஷா வருஷம், மாசக்கணக்கா. சிறுநீர்ல புரதம் ஒரு பிளஸ்தான் இருக்கு, சர்க்கரையும் இல்லைங்கிறதும் இதோட ஒத்துப்போகுது. இனிமே அந்த மாத்திரை ஒண்ணு கூட வேண்டாம். வலிக்கு என்ன போடலாம்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னைக்கே செய்ய வேண்டிய ஒண்ணு இருக்கு. அப்பா வலது கையால வேலை செய்றவங்கன்னா இடது கையை யாருக்கும் குடுக்காதீங்க. ரத்தம் எடுக்கவும், குளுக்கோஸ் ஏத்தவும் வலது புறங்கையில பண்ணச் சொல்லுங்க. அந்த இடது கையில ரத்தநாளம் ரெண்டை இணைச்சு பிஸ்டுலா போடுவாங்க, சின்ன அறுவைதான். ரத்தநாளம் தடிச்சு ஊசி ஏத்துற பக்குவம் வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம். இப்பவே போட்டு வச்சா, டயாலிசிஸ் வேணும்ங்கிற நாள்ல கழுத்துக்குப் போக வேண்டியதில்லை. மேல அந்த ஆசிரியர் சொன்னது அதைத்தான்.


தூத்துக்குடி மகள்:

அக்கா, சார், ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. அம்மாகிட்ட முழுசா வாசிச்சுக் காட்டினேன். இளநீர் வாங்கி வச்சிருந்ததை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டாங்க. நீங்க சொன்னபடி அப்பாவுக்கு மல்லாந்து படுத்தா முட்டத்தான் செய்யுது, நாங்க அதைக் கவனிக்கவே இல்லை.

பழைய கடிதாசிப் பையைத் தேடினப்போ மூணு வருஷத்துக்கு முன்னாடி ஊர்ல நடந்த ஒரு முகாம் ரிப்போர்ட் கிடைச்சுது. அதுல கிரியாட்டினின் 1.6. பக்கத்துல நட்சத்திரக் குறி மட்டும் போட்டிருக்கு. யாரும் எதுவும் சொல்லலை. அப்பவே ஆரம்பிச்சிருச்சா?


இரவுப்பணி அக்கா:

ஆமா தங்கச்சி. 55 வயசுல 1.6ன்னா இஜிஎஃப்ஆர் 50 போல. பாதி அப்பவே போயிருக்கு. "1.4 வரைக்கும் இருக்கலாம், 1.6 கொஞ்சம்தானே கூட"ன்னு பார்க்கிறவங்களுக்குத் தோணும். ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை ஆகுறது சின்ன ஏத்தம் மாதிரி தெரியும், ஆனா இழப்பு பெரிசு. நாலுலேர்ந்து அஞ்சு ஆகுறதுல மிச்சம் இருக்கிறதே கொஞ்சம். இந்தக் கணக்கை ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் இஜிஎஃப்ஆரா அச்சடிச்சுக் குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். சில லேப்ல குடுக்கிறாங்க, பல இடத்துல இல்லை.

அந்தக் காகிதத்தைப் பத்திரமா வச்சு மருத்துவர்கிட்ட காட்டுங்க. தேய்மானத்தோட வேகம் அதுல தெரியும். மல்லாந்து படுக்க முடியலைன்னா நாளைக்குக் காலையிலேயே கூட்டிட்டுப் போங்க, வெளிநோயாளி வரிசையில நிக்காம அவசரப் பிரிவுக்கே போங்க. நுரையீரல்ல நீர் சேர்றதுக்கான அறிகுறி அது.


வன்னிக்காரன்:

தங்கச்சி, நான் வவுனியாவில இருந்து எழுதுறன். சர்க்கரை இல்லாமல் வந்த வருத்தம் எண்டு நீங்கள் தலைப்பு வச்சதைப் பாத்திட்டு எழுதாமல் இருக்க ஏலேல்லை. எங்கட மாமா வயல்காரன். அவருக்கும் சலரோகம் இல்லை, பிறசரும் துவக்கத்தில இல்லை. பக்கத்தில மதவாச்சி, பதவியா, அங்கால பொலன்னறுவை எண்டு 1990களில இருந்து வயல் செய்யிற ஆக்களுக்கு இப்பிடியே வருகுது. வவுனியாவிலயும் இருக்கு. சிறுநீரில புரதம் பெரிசாப் போகாது, வீக்கமும் கடைசியிலதான் வரும். ஆள் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும்.

காரணம் இதுதான் எண்டு இண்டைக்கும் ஆராய்ச்சிக்காரர் ஒரே முடிவுக்கு வரேல்லை. கிணத்துத் தண்ணியின்ர கடினத்தன்மையும் புளோரைட்டும் எண்டு சிலர், வயலுக்கு அடிக்கிற மருந்து எண்டு சிலர், வெயிலும் தண்ணி குடியாமையும் எண்டு சிலர். கிளைபோசேட் களைகொல்லியை 2015இல அரசாங்கம் தடை செய்தது, பிறகு தளர்த்தினது. ஊர் ஊராத் தண்ணி சுத்திகரிக்கிற நிலையங்கள் வச்சிருக்கினம். 2021இல பொலன்னறுவையில சிறுநீரக நோய்க்கெண்டே ஒரு பெரிய ஆஸ்பத்திரியும் திறந்தவை. ஆந்திராவில சிறீகாகுளம் மாவட்டம் உத்தானம் பக்கமும், எல் சல்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களிலயும் இதே கதைதான். நிகரகுவாவில கரும்பு வெட்டுற ஆக்களுக்கு நிழல், தண்ணி, கட்டாய ஓய்வு குடுத்துப் பாத்ததில சிறுநீரகப் பாதிப்புக் குறைஞ்சிருக்கு. உங்கட பக்க உப்பளங்களிலயும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில உள்ள ஆராய்ச்சியாளர் வெயிலையும் சிறுநீரகத்தையும் சேத்து ஆய்வு செய்திருக்கினம். அப்பாவின்ர வேலையைப் பற்றி டொக்டருக்கு விளக்கமாச் சொல்லுங்கோ. என்ன வேலை எண்டு கேக்காமலே கனபேர் எழுதி முடிச்சிடுவினம்.

ஒண்டு சொல்லவேணும். மாமாவுக்கு எண்டு தெரிஞ்ச உடன நாங்கள் அவரின்ர சகோதரங்கள் எல்லாரையும் சோதிச்சனாங்கள். ரெண்டு பேருக்குத் துவக்க நிலை. அவையள் இப்ப வரைக்கும் மாத்திரையோட நல்லா இருக்கினம். உங்கட வீட்டில அளத்துக்குப் போற ஆக்கள் வேற ஆர் இருக்கினம்?


தூத்துக்குடி மகள்:

அண்ணே, அம்மாவும் அளத்துக்குத்தான் போறாங்க. சித்தப்பாவும்.

அக்கா சொன்னபடி காலையிலேயே கூட்டிட்டுப் போய்ட்டோம். அட்மிட் பண்ணிட்டாங்க. நீர் வெளியேற ஊசி போட்டதுல மூச்சு பரவாயில்லை, நேத்து ராத்திரி படுத்துத் தூங்கினாங்க. சிறுநீரக டாக்டர் பொறுமையா பேசினார். பிஸ்டுலா போட நாள் குடுத்திருக்காங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்ககிட்ட இருக்கு, டயாலிசிஸ் அதுலயே வருமாம். வயித்துல குழாய் வச்சு வீட்லயே பண்ற டயாலிசிஸ் பத்தியும் சொன்னார். எது நல்லது? கிட்னி நான் குடுக்கலாமா?


மூன்றாம் ஷிப்ட்:

வயிற்று டயாலிசிஸில் தினம் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் அலைய வேண்டாம், உணவுக் கட்டுப்பாடும் சற்றுத் தளரும். ஆனால் கை சுத்தம், தூசியில்லாத ஓர் இடம், கூட ஒருவர் வேண்டும். கவனம் தப்பினால் வயிற்றுக்குள் கிருமி போகும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். உங்கள் வீட்டு வசதியைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

தானம் தருவது பற்றி நீங்கள் கேட்டது பெரிய மனது. ஒரு சிறுநீரகத்தோடு நலமாக வாழலாம். வேலூர் சிஎம்சியில் 1971இலேயே இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. இன்று அது பழகிய அறுவை. ஆனால் முழுப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். இறந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலிலும் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். காத்திருப்பு நீளும், அதனால் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள்.


இரவுப்பணி அக்கா:

தங்கச்சி, நீங்க குடுக்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப அம்மாவைப் பார்க்கணும். அளத்துல கழிப்பறை வசதி இல்லாத இடங்கள்ல, ஒதுங்க இடம் இல்லைன்னு பெண்கள் காலையிலிருந்து தண்ணியே குடிக்காம வேலை பார்க்கிறாங்க. அவங்களுக்கும் ஆபத்து குறைச்சல் இல்லை. எரிச்சல், நீர்க்கடுப்பு வந்தாலும் வெளிய சொல்ல மாட்டாங்க. அம்மாவும் வலி மாத்திரை போடுறாங்களா?


தூத்துக்குடி மகள்:

போடுறாங்க அக்கா. அப்பா வாங்குற அட்டையிலிருந்துதான். அப்பாவைப் பார்க்கப் போன இடத்துலயே அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் சிறுநீரும் ரத்தமும் பார்த்தோம். சித்தப்பாவுக்கு ஒண்ணுமில்லை. அம்மாவுக்குப் புரதம் ஒரு பிளஸ், கிரியாட்டினின் 1.2, பிரஷர் 150/90. வயசு 52. அம்மா "எனக்கு ஒண்ணும் இல்லை, அவியளைப் பாரு"ன்னு சொல்லிட்டு நாளைக்கு வேலைக்குப் போகணும்னு நிக்கிறாங்க.


இரவுப்பணி அக்கா:

52 வயசுப் பெண்ணுக்கு 1.2ன்னா இஜிஎஃப்ஆர் 55 போல வரும். ஒரு தடவை பார்த்ததை வச்சு நோய்னு முடிவு கட்டக் கூடாது. வெயில்ல வேலை செஞ்ச மறுநாளும், நீர்த்தொற்று இருக்கும்போதும் கூடக் காட்டும். முதல்ல நீர்த்தொற்று இருக்கான்னு பார்த்துடட்டும். பிறகு காலையில முதல்ல போற சிறுநீரை எடுத்து அல்புமின் கிரியாட்டினின் விகிதம்னு கேட்டுப் பாருங்க. மூணு மாசம் கழிச்சு அதையும் கிரியாட்டினினையும் திரும்பப் பார்க்கணும். அதுவரைக்கும் பிரஷருக்கு டாக்டர் எழுதுறதை ஒரு நாள் விடாம சாப்பிடணும். பிரஷர் மாத்திரையில ஒரு வகை, புரதம் ஒழுகுறதையும் குறைக்கும். அம்மாவுக்கு அது பொருந்துமான்னு கேளுங்க.

வலி மாத்திரை அட்டையை வீட்லேருந்து எடுத்துடுங்க. வேலைக்குப் போறதை நீங்க தடுத்தா கேட்க மாட்டாங்க, அடுப்பு எரியணுமே. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வேலையை முடிக்க முடியுமான்னு கங்காணிகிட்ட பேசிப் பாருங்க. தூக்குல தண்ணி குடுத்து விடுங்க, தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காம அப்பப்போ குடிக்கச் சொல்லுங்க. அப்பாவுக்குத் தண்ணி அளந்து, அம்மாவுக்குத் தாராளமா. ஒரே வீட்ல ரெண்டும் குழம்பிடாம பார்த்துக்கங்க.

பிஸ்டுலா போட்ட பிறகு எழுதுங்க. அந்தக் கையில பிரஷர் பார்க்கவோ, பாரம் தூக்கவோ, அதை மடிச்சுத் தலைக்கு வச்சுப் படுக்கவோ கூடாது. தினமும் காலையில விரல் வச்சுப் பார்த்தா உள்ள ஒரு அதிர்வு தெரியணும். தெரியலைன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், மறுநாள்னா இணைப்பு அடைச்சுடும்.